விலை இருந்தது, பெயர் இல்லை

கேள்வி: மழை விட்டதும் தோட்டத்தில் ஏதோ காளான் முளைக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பினால் பெயர் சொல்லிவிடுவார்களா?
– வாசகர், தென்காசி

பதில்: போட்டோவில் தெரிவது குடைதான், ஜாதகம் அதற்கு அடியில் இருக்கிறது. தண்டை ஒடிக்காமல், மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதியோடு தோண்டி எடுங்கள். குடையை அறுத்து, மடிப்புப் பக்கம் கீழே இருக்க வெள்ளைத் தாளில் வைத்து, கிண்ணத்தால் மூடிவிடுங்கள். காலையில் தாளில் வித்துத்தூள் உதிர்ந்திருக்கும். மங்கிய பச்சை நிறமென்றால், புல்தரையில் வரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று சந்தேகப்படலாம். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். வெள்ளையாக இருந்தால் அடுப்பு மூட்டிவிடாதீர்கள், ஆளையே கொல்லும் அமானிட்டாக்களுக்கும் வெள்ளைத் தூள்தான்!

இவ்வளவு பார்த்தும் பெயர் கிடைக்காமல் போகலாம். காரணம், அதற்கு இன்னும் யாருமே பெயர் வைத்திருக்க மாட்டார்கள். லண்டன் கடையொன்றில் சீனாவிலிருந்து வந்த உலர் போர்சினிக் காளான் பாக்கெட் ஒன்றை வாங்கினார்கள், கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் பிரின் டென்டிங்கரும் லாரா சுஸ்ஸும். அதிலிருந்து 15 துண்டுகளின் டி.என்.ஏ.வைப் படித்தார்கள். மூன்று இனங்கள் இருந்தன; மூன்றுமே அறிவியல் பதிவில் இல்லாதவை! 2014-இல்தான் பெயர் வைத்தார்கள். அதுவரை விலை போட்டு விற்று, சமைத்துச் சாப்பிட்டும் ஆகிவிட்டது.

உங்கள் காளானையும் நன்றாக உலர்த்தி, தேதி, இடம், பக்கத்தில் நின்ற மரம் எல்லாம் எழுதி, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் கொடுங்கள். குழம்புக்குக் கடைக் காளான் போதும்.