பூட்டியவர்கள்தான் பார்க்க வேண்டும்

கேள்வி: குற்றம் செய்தவனுக்கு மக்கள் வரிப்பணத்தில் மனநல சிகிச்சை எதற்கு?

பதில்: சிகிச்சை தராமல் உள்ளே வைத்திருந்தாலும் சோறு போடுவது அதே வரிப்பணம்தான். அசாமின் மச்சாங் லாலுங் 1951-இல் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் டாக்டர்கள் அவர் தேறிவிட்டார் என்றார்கள். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவர் சிறைக்குப் போனார். விசாரணையே இல்லாமல் 54 ஆண்டுகள்! 2005-இல் ஒரு ரூபாய் ஜாமீனில் வெளியே வந்தார். அவர் குற்றவாளியா என்பதே கடைசிவரை தெரியாது. ஒழுங்கான மனநலக் கவனிப்பு என்றால் மாத்திரை மட்டுமில்லை, ‘இவர் தேறிவிட்டார், விசாரியுங்கள்’ என்று நீதிபதியிடம் விடாமல் சொல்லும் ஆளும் அதில் உண்டு.

‘பைத்தியம்போல நடித்துத் தப்பிவிடுவார்களே’ என்பீர்கள். சிகிச்சை வேறு, விடுதலை வேறு. சித்தசுவாதீனம் இல்லாமல் செய்ததாகச் சொல்பவர் அதைத் தானே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் அப்படியே விட்டுவிட மாட்டார்கள், காவலிலோ மருத்துவமனையிலோ வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ‘வெளியே இருக்கும் ஏழைக்கே மனநல டாக்டர் கிடைக்கவில்லையே’ என்பது இதைவிட நியாயமான கேள்வி. அவருக்கும் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அவரால் பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போக முடியும். கைதியால் முடியாது. அதனால்தான் மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநல சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கட்டாயமாக்கியது. ஒன்று எப்படிப் போதும்?