அஞ்சு நிமிஷ வேலைக்கு ஐந்நூறா?

சொந்தமாகப் பிளம்பிங், எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவருக்கு முதலாளி இல்லை என்பதெல்லாம் சும்மா. கதவைத் திறக்கும் ஒவ்வொருவரும் முதலாளிதான், கூடவே மேற்பார்வையாளரும். டெஃப்லான் டேப்பை மரையின் போக்கிலேயே சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போதே பிரிந்து வரும் என்பது பிளம்பருக்குத் தெரியும். "இன்னும் ரெண்டு சுத்து சுத்துப்பா" என்று சொல்ல வீட்டுக்காரருக்குத் தெரியும்.

ஒழுகல் நின்றதும் பேரம் தொடங்கும். "அஞ்சு நிமிஷ வேலைக்கு ஐந்நூறா?" அதையே மதியம் வரை திண்டாடிச் செய்திருந்தால், பாவம் என்று ஐம்பது சேர்த்தே கொடுத்திருப்பார்கள். நம்மூரில் வியர்வைக்குத்தான் கூலி, கைத்திறனுக்கு அல்ல. வண்டிக்குப் பெட்ரோலும் ஹார்டுவேர் கடைக்கு இரண்டு நடையும் இலவச இணைப்பு.

அரசு இவர்களை மறந்துவிடவில்லை. 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் பதிந்துகொண்டால் 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. பதிவுக்குப் பணிச் சான்று வேண்டும். அதற்கு அலைய ஒரு நாள் பிழைப்பை விட வேண்டும். அன்றைக்கென்று பார்த்து, "உடனே வாங்க, வீடெல்லாம் தண்ணி" என்று போன் வரும். போனால் சான்று போச்சு. போகாவிட்டால் கிடைக்கும் சான்று வேறு: "இந்த ஆளுங்களே இப்படித்தான், கூப்பிட்டா வரவே மாட்டாங்க!"