கல்லில் நிறுக்கும் ஊரிலிருந்து

ஈஸ்ட் ஹாம், லண்டன்
தை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கொடுத்தனுப்பிய பார்சல் மார்கழி முதல் வாரமே வந்து சேர்ந்துவிட்டது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு கிலோ, சாத்தூர்க் காராச்சேவு ஒரு கிலோ, கைமுறுக்கு ஒரு டின். மூன்றும் தீர்ந்துவிட்டன. யார் தின்றது என்று கேட்காதே. அந்த வாக்குமூலம்தான் இந்தக் கடிதம்.

இந்த ஊரில் ஆளைக் கல்லில் நிறுப்பார்கள், தெரியுமா? ஒரு கல் என்றால் 14 பவுண்டு, கிட்டத்தட்ட 6.35 கிலோ. ஆட்டுக்கல், அம்மிக்கல், தோசைக்கல் என்று வளர்ந்த உடம்புக்குப் பொருத்தமான அளவைதான். போன வைகாசியில் நான் 14 கல் 1 பவுண்டு. அப்போதுதான் கிளினிக் நர்ஸம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதச் சர்க்கரை 44 என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அத்தானுக்கு 180 வந்தபோதே நாம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லையே, 44 எல்லாம் ஒரு நம்பரா? அப்புறம்தான் தெரிந்தது, இங்கே கணக்கே வேறு. 48 வந்தால் சர்க்கரைக்காரன் என்று பட்டம் கட்டிவிடுவார்கள். 42 வந்தாலே வாசற்படியில் நிற்கிறாய் என்று அர்த்தம். நம்மூர்க் கணக்கில் சொன்னால் என்னுடையது 6.2.

கையோடு ஒரு படத்தையும் காட்டினார். சவுத்போர்ட் என்ற ஊரில் டேவிட் அன்வின் என்று ஒரு டாக்டர், எந்தச் சாப்பாடு ரத்தத்தில் எத்தனை ஸ்பூன் சர்க்கரைக்குச் சமம் என்று படம் போட்டு வைத்திருக்கிறார். வெந்த பாஸ்மதிச் சோறு 150 கிராம், 10 ஸ்பூன் சர்க்கரை. நம் வீட்டில் 150 கிராம் சோறு என்பது, உப்பு சரியாக இருக்கிறதா என்று அம்மா பார்க்கச் சொல்லும் அளவு. முழுச் சாப்பாட்டை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அன்றைக்குச் சோற்றை நிறுத்தினேன். காலையில் 100 பாதாம், மத்தியானம் முட்டையும் கீரையும், ராத்திரி மீன் அல்லது பனீர். நம் ஆட்கள் 'பேலியோ' என்று சொல்வார்களே, அதுதான். ஆறே மாதத்தில் 12 கல் 9 பவுண்டுக்கு இறங்கினேன், ஒன்பது கிலோ போச்சு. வீடியோவில் பார்த்துவிட்டு நீதான் "ஏல, மொகமெல்லாம் ஒட்டிப் போச்சே" என்று அழுதாய். அழுத கையோடு அனுப்பியதுதான் அந்தப் பார்சல்.

முதலில் ஆபீஸ் கிறிஸ்துமஸ் விருந்து. மின்ஸ் பை என்று ஒன்று வைப்பார்கள். மின்ஸ் என்றால் கொத்துக்கறி அல்லவா, கறிதானே என்று எடுத்தேன். உள்ளே திராட்சையும் சர்க்கரைப் பாகும். பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் கறி என்று நம்பித்தான் எடுக்கிறேன். இந்தத் தடவை ஆறாவது பையையும் அப்படித்தான் எடுத்தேன்.

அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களைக்குப் போனேன். கடலை மிட்டாய் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் பிரிப்பது பெரிய வித்தை அக்கா. குழாயை லேசாகத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன். பிரிப்பது வரைக்கும் சரி, கடிப்பதற்கு என்ன செய்ய? பல்லில் வைக்காமல் ஊற வைத்து, பாகு கரைந்து கடலை ஒவ்வொன்றாகக் கழன்று நாக்கில் விழுகிற வரை இருட்டில் நின்றேன். மூன்றாவது துண்டுக்குப் பொறுமை போய்விட்டது. "கடக்" என்ற சத்தத்துக்கு மாடியில் லைட் எரிந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. ஆனால் நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறதே, முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று. என்னைக் கெடுத்தது உன் கடலை மிட்டாய் இல்லை, அந்தப் பழமொழிதான். பாழாய்ப் போனது ஒரு வேளை. பொங்கல் கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நான் எழுதிக் கொடுத்தது மூன்று வாரம். ஹை ஸ்ட்ரீட்டில் பகலில் நடந்தாலே நெய் தோசை வாசம் சட்டையைப் பிடித்து இழுக்கும். பொங்கலுக்குக் கரும்பு வேறு கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. நண்பர் ஒருவர் வீட்டில் வாழை இலை போட்டு, சர்க்கரைப் பொங்கலை மூன்றாம் தடவையும் கேட்டுக் கேட்டு வைத்தார்கள். மறுத்தால் மரியாதையா?

தை நாலாம் தேதி மெஷினில் ஏறினேன். 13 கல் 3 பவுண்டு! மூன்றரைக் கிலோவுக்கு மேல். இறங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏறினேன், அப்போது நம்பரே தெரியவில்லை, கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

விசாரித்ததில் ஒரு ஆறுதல். ஏறியது முழுக்கக் கொழுப்பு இல்லையாம். ஈரலும் தசையும் மாவுச்சத்தைச் சேமிக்கும்போது, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீரையும் சேர்த்தே பிடித்து வைக்குமாம். ஒரு பத்திரிகை வைத்தால் நாலு பேராகக் கல்யாணத்துக்கு வருவதில்லையா, அது மாதிரி. காராச்சேவு உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டி வரும். சோற்றை நிறுத்தினால் சில நாளில் பெரும்பகுதி கிளம்பிவிடும்.

கிளம்பியது, ஆனால் சும்மா கிளம்பவில்லை. முதல் நாள் காலையில் பாதாம் எண்ணி வைத்தேன், 97தான் இருந்தது. மூன்று சின்னவன் வாயில். இரண்டாம் நாள் தலை வெடித்துவிடும் போல் வலி. தண்ணீர் இறங்கும்போது உடம்பு உப்பும் கூடவே போய்விடும். ஆட்டெலும்பு சூப்பில் உப்பைத் தூக்கலாகப் போட்டுக் குடித்தேன், ஒரு மணி நேரத்தில் வலி இறங்கியது. உன் தம்பி பொண்டாட்டி இட்லித் தட்டில் துணியை விரித்தபடி, "தலைவலிக்குத் தைலம் தேய்க்காம உப்புத் தண்ணி குடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கேன்" என்றாள். இட்லி ஆவி என் பக்கமே வந்தது.

மூன்றாம் நாள் வீட்டிலிருந்தால் தாங்காது என்று கிளம்பிவிட்டேன். எங்கே? இடுகாட்டுக்கு. சிரிக்காதே. இந்தச் சோறில்லாப் பத்தியத்தை ஊரறியச் செய்தவர் இதே லண்டன்காரர்தான், வில்லியம் பேன்டிங் என்று பெயர். அரச குடும்பத்துக்கே சவப்பெட்டி செய்து இறுதிச் சடங்கு நடத்திய கடை அவர்களுடையது. 1862இல் அவருக்கு வயது 66 நெருங்குகிறது. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 14 கல் 6 பவுண்டு. குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. முழங்கால் வலிக்குப் பயந்து மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவாராம். காது மந்தம் என்று ஹார்வி என்ற டாக்டரிடம் போனார். அவரோ காதை விட்டுவிட்டு வாயைப் பிடித்தார்: ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு கூடாது. ஒரு வருஷத்தில் 46 பவுண்டு குறைந்தது. மனுஷன் அந்தச் சந்தோஷத்தில் 1863இல் எல்லோருக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, சின்னப் புத்தகமாக அச்சடித்துச் சும்மாவே கொடுத்தார். ஸ்வீடன்காரர்கள் இன்றைக்கும் எடை குறைக்கப் பத்தியம் இருப்பதை 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள். சாப்பாட்டோடு இரண்டு மூன்று கிளாஸ் ஒயினை டாக்டர் அனுமதித்திருந்தார். அந்தப் பகுதியை மட்டும் வீட்டில் நான் வாசித்துக் காட்டவில்லை.

ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் வெஸ்ட் பிராம்ப்டன் போய் இறங்கினால் பக்கத்திலேயே பிராம்ப்டன் கல்லறைத் தோட்டம். அங்கேதான் அவரைப் புதைத்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் தேடினேன். எங்கே பார்த்தாலும் கல். பேன்டிங்கின் கல் மட்டும் கண்ணில் படவில்லை. திரும்பும்போது போனில் பார்த்தால் 9,000 காலடி நடந்திருக்கிறேன். அவர் செத்தும் வைத்தியம் பார்க்கிறார்.

சோறு வேண்டாம் என்றால் கம்பும் வரகும் தின்னு என்று நீ சொன்னாய். அக்கா, நம் கரிசல் காட்டுக் கம்புதான், எனக்கும் உயிர். ஆனால் கம்பிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அரிசிக்குத் தம்பிதானே தவிர அசலூர்க்காரன் இல்லை. இன்னொன்று, அத்தான் என்னைப் பார்த்து இதைத் தானாக ஆரம்பித்துவிடப் போகிறார். அவர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர். சோறும் இறங்கி மாத்திரையும் வேலை செய்தால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து மயக்கம் போட்டுவிடலாம். டாக்டரிடம் கேட்காமல் ஒரு கவளம் கூடக் குறைக்க வேண்டாம் என்று சொல்.

இன்று காலை 12 கல் 12 பவுண்டு. இன்னும் மூன்று பவுண்டு பாக்கி.

கடைசியாக, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொடுத்தனுப்பவா என்று கேட்டிருந்தாய். இது மாதிரிப் பால் சாமானை இந்தியாவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவர இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. மீன் மட்டும் ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம். எனக்காகவே போட்ட சட்டம் போலிருக்கிறது. அதனால் அடுத்த தடவை யார் வந்தாலும் தூத்துக்குடி நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு. நாலு கவர் போட்டு இறுக்கிக் கட்டு. கடலை மிட்டாய் வேண்டாம். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று நானே போன் போட்டுச் சொன்னாலும் நம்பாதே.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி