சப்போர்ட் சார்

ஸ்டேட் பேங்க் பங்கு வைத்திருப்பவர்களைவிட அந்தப் பங்குக்குச் சார்ட் வைத்திருப்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம் என்று தோன்றுகிறது. அடுக்ககத்துக்கு ஒருவராவது உண்டு. ஒன்று அறுபதைத் தாண்டியவராக இருப்பார், இல்லை முப்பதைத் தொடாதவராக இருப்பார். நடுவயதுக்காரர்களுக்கு இஎம்ஐ கட்டவே நேரம் சரியாக இருக்கிறது. நான் சொல்ல வருவது மூத்த ரகத்தை. எங்கள் பக்கத்தில் அவருக்குச் 'சப்போர்ட் சார்' என்று பெயர். யாருக்கும் ஒத்தாசை செய்து வாங்கிய பெயர் அல்ல. எஸ்பிஐக்கு விழாமல் தாங்கும் சப்போர்ட் எந்த விலையில், ஏறாமல் தடுக்கும் ரெசிஸ்டன்ஸ் எந்த விலையில் என்று கேட்காமலே சொல்லிச் சொல்லி வந்தது.

காலை 9.15-க்குச் சந்தை திறக்கும்போது சார் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கைபேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து உட்கார்ந்திருப்பார். மாலை 3.30 வரை அந்த வீட்டில் குக்கர் விசிலுக்குக்கூட மரியாதை கிடையாது. "என்னங்க, கேஸ் புக் பண்ணீங்களா?" என்று உள்ளிருந்து குரல் வரும். "மார்க்கெட் நேரம்மா" என்று பதில் போகும். வாங்குகிறாரா, விற்கிறாரா என்றெல்லாம் கேட்கக் கூடாது. பார்க்கிறார், அவ்வளவுதான்.

அந்தத் திரையை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். பச்சையும் சிவப்புமாக மெழுகுவத்திகள். அவற்றின் மேல் 50 நாள் சராசரி நீலத்தில், 200 நாள் சராசரி ஆரஞ்சில். மேலும் கீழும் பொலிஞ்சர் பட்டைகள். குறுக்கே ஃபிபனாச்சி கோடுகள். அடியில் ஆர்எஸ்ஐ தனியாக நெளிந்துகொண்டிருக்கும். போதாததற்குச் சாரே இழுத்த சாய்கோடுகள் ஏழெட்டு. இத்தனைக்கும் நடுவே இன்றைய விலை எங்கே என்று கேட்டால், இரண்டு விரலை விரித்துப் பெரிதாக்கி அவரே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வங்கியைப் பற்றி மட்டும் அவரிடம் பேச்செடுக்க முடியாது. 1843-ல் நம் சென்னையில் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய் வங்கிகளோடு 1921-ல் சேர்ந்து இம்பீரியல் வங்கியானது, அது 1955 ஜூலை 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆனது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத சங்கதி. சரி, வாராக்கடன் எவ்வளவு, டெபாசிட் வட்டி ஏறினால் லாபம் என்ன ஆகும்? "எல்லாம் விலையிலேயே இருக்கு சார்" என்பார். இது அவர் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் டவ் வழி வந்தவர்கள் போட்டுவைத்த அஸ்திவாரம். காலாண்டுக் கணக்கு, ரிசர்வ் வங்கி, பருவமழை எல்லாமே விலையில் கரைந்துவிட்டதாம். கரைந்ததை எப்படித் திரும்பப் பிரித்தெடுப்பது என்று கேட்டால் ஆர்எஸ்ஐயைக் காட்டுவார்.

சார்ட்டில் தெரியும் உருவங்களுக்குப் பெயர் சொல்லும்போதுதான் மனிதருக்கு முகம் மலரும். தலையும் தோளும், கப்பும் கைப்பிடியும், விடிவெள்ளி, தூக்கில் தொங்கும் மனிதன், மூன்று கருங்காகங்கள். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவருடைய காகங்கள் மூன்று வரிசையாக உட்கார்ந்தால் வீட்டில் இருப்பதும் கிளம்பிவிடும். இந்த மெழுகுவத்தி வித்தைக்கு மூலபுருஷர், 18-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் சகாத்தாவில் அரிசி வியாபாரம் செய்த ஹோம்மா முனேஹிசா என்று சொல்வது வழக்கம். "அரிசிக்கே வேலை செஞ்சது, எஸ்பிஐக்குச் செய்யாதா?" என்று சார் ஒருநாள் கேட்டார். "அரிசி தீர்ந்து ரெண்டு நாளாச்சு" என்றது சமையலறை.

மாலையில் கீழே சிமென்ட் பெஞ்சில் யாராவது வந்து மாட்டுவார்கள். "சார், எஸ்பிஐ போகுமா?"

"800 உடையாம நின்னா 850. அதைத் தாண்டி குளோஸ் ஆச்சுன்னா 900. ஆனா 800 உடைஞ்சுதுன்னு வைங்க, 760 வரைக்கும் தடுக்க ஆளில்லை."

கேட்டவர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போவார். ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார் என்பது லிஃப்டில் ஏறிய பிறகுதான் உறைக்கும். கிளி ஜோசியத்தில் கிளியாவது ஒரு சீட்டைத்தான் எடுக்கும். சார் இரண்டையும் எடுத்து வெளியே வைத்துவிடுவார்.

2014 நவம்பரில் எஸ்பிஐ பங்கின் பத்து ரூபாய் முகமதிப்பை ஒரு ரூபாயாகப் பிரித்தபோது, முந்தின நாள் விலையில் பத்தில் ஒரு பங்கைத் திரையில் பார்த்துச் சார் சோபாவில் சரிந்ததை விட்டுவிடுவோம். 2024 ஜூனை விட முடியாது. மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்புகளுக்குப் பிறகு வந்த திங்கள்கிழமை, ஜூன் 3, பங்கு 9 சதவீதம் போல எகிறி 900-ஐத் தாண்டியது. "பிரேக்-அவுட்!" என்று மாடிப்படியெல்லாம் கேட்டது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும் 14 சதவீதத்துக்கு மேல் விழுந்து 800-க்குக் கீழே போய் உட்கார்ந்தது. வாக்குப்பெட்டி எந்தக் கோட்டில் இருந்தது என்று எனக்குக் கேட்க ஆசைதான். அதற்குள் அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஃபால்ஸ் பிரேக்-அவுட். வால்யூம் பார்த்தப்பவே எனக்கு உறுத்துச்சு." உறுத்தியதை நேற்றே சொல்லக் கூடாதா என்று கேட்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாப்லாஸ் போடாமல் இறங்காதே என்று பையன்களுக்கு அவர் சொல்வது நல்ல புத்தி. அதை மட்டும் அவர்கள் காதில் வாங்குவதில்லை. டார்கெட்டை மட்டும் கேட்டுக்கொண்டு, 750 பங்கு கொண்ட ஃப்யூச்சர்ஸ் லாட்டைக் கடன் வாங்கியாவது தூக்குகிறார்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் செபி கணக்கே போட்டுக் காட்டிவிட்டது.

சார் அந்த 93-லும் இல்லை, மீதி 7-லும் இல்லை. தபால் நிலையத்தில் ஒருநாள் பாஸ்புக்கோடு வரிசையில் நின்றார். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம் மொத்தமும் அங்கேதான். "இதுக்குச் சார்ட் பார்க்கலையா சார்?" என்றேன்.

"இதுல பார்க்க என்ன இருக்கு? கோடு நேராத்தானே போகுது" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஆகவே, உங்கள் அடுக்ககத்துச் சப்போர்ட் சாரிடம் டார்கெட் கேட்காதீர்கள். தபால் நிலையத்தில் எந்தக் கவுன்ட்டர் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவரிடம் ஒரே ஒரு பதில் இருக்கிறது.