முதியோர் இல்லம் இல்லை, அண்ணா

சிட்னி, நவம்பர் மாதம்

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

தம்பியையும் அவன் சம்சாரத்தையும் பெற்ற பிள்ளைகளே முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள் என்ற செய்தி சேலம் ஃபேர்லேண்ட்ஸ் முழுக்கப் பரவி, சொர்ணபுரி தாண்டி அழகாபுரம் வரைக்கும் போய்விட்டதாகத் தெரிகிறது. சாரதா காலேஜ் ரோட்டு மருந்துக் கடையில் யாரோ அண்ணனின் தோளைத் தட்டி ஆறுதல்கூடச் சொன்னாராம். ஆறுதல் சொன்னவருக்கு நன்றி. ஆனால் யாரும் யாரையும் தள்ளவில்லை. தம்பிதான் முன்பணம் கட்டி, வரிசையில் காத்திருந்து, சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

இது ரிட்டயர்மென்ட் வில்லேஜ். நர்ஸ் வைத்துக் கவனிக்கும் முதியோர் இல்லம் இங்கே வேறு ஜாதி. அது மத்திய அரசின் கையில் இருக்கிறது. வில்லேஜுகள் மாநிலச் சட்டத்தின்கீழ் வருகின்றன. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் அதற்கென்றே 1999ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலான இடங்களில் 55 வயது ஆகியிருந்தால் போதும். சொந்தச் சமையலறை, சொந்தச் சாவி, சொந்தச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கட்டாயம் வயதானவராக இருப்பார்.

அண்ணனின் அடுத்த கேள்வி, வீடு யார் பெயரில் என்பது. சொன்னால் பதறுவார் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. பல வில்லேஜ்களில் வீடு யார் பெயரிலும் மாறுவதில்லை. பெரிய தொகை ஒன்றைக் கட்டிவிட்டுக் குடியிருக்கும் உரிமையை வாங்குகிறார்கள். காலி செய்யும்போது, அது எந்த வழியில் காலி செய்வதாக இருந்தாலும், வெளியேறும் கட்டணம் என்று நிர்வாகம் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். வருடம் ஏற ஏற அந்தப் பங்கும் ஏறும். பல ஒப்பந்தங்களில் கால் பங்கைத் தாண்டிக்கூடப் போகும். தம்பி மகன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் போனால் லாபம்ப்பா” என்றான். எங்கே போனால் என்று விளக்கவில்லை. பிடிக்காவிட்டால் முதல் 90 நாளுக்குள் பெரிய நஷ்டமில்லாமல் கிளம்பிவிடவும் சட்டத்தில் இடம் உண்டு. கல்யாணத்துக்கு இப்படி ஒரு ஷரத்து இல்லையே என்று தம்பி சம்சாரம் அப்போதே குறைப்பட்டுக்கொண்டாள்.

உள்ளே வந்த பிறகு இருவருக்கும் ஓய்வு என்பது போய்விட்டது.

மாதம் பிறந்தால் கதவடியில் செய்தி மடல் வந்து விழும். யாருக்குப் பிறந்தநாள், புதிதாகக் குடிவந்தவர் யார், இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் யார், திரும்பாதவர் யார், எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். பின்பக்கம் நாள்வாரி நிகழ்ச்சி. திங்கள் காலை நீச்சல் குளத்தில் நின்றபடி உடற்பயிற்சி. செவ்வாய் சீட்டாட்டம். புதன் லான் போல்ஸ். வியாழன் கடைவீதிக்கு மினி பஸ். வெள்ளி மாலை நான்கு மணிக்குப் பொது ஹாலில் அவரவர் பானத்தை அவரவர் கொண்டுவந்து குடிக்கும் நேரம். தம்பி ஃபிளாஸ்க்கில் டிகிரி காபி கொண்டுபோகிறான். முதல் வாரம் அதை ஏதோ கறுப்பு ரம் என்று நினைத்து மரியாதையாகப் பார்த்தார்கள்.

லான் போல்ஸைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டும். புல்தரையை ஒட்ட வெட்டி, அதில் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை உருட்டிவிடுவார்கள். பிறகு ஆளாளுக்கு ஒன்றரைக் கிலோ கனத்தில் ஒரு பந்தை உருட்டி, அந்தச் சின்னதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சுலபம் என்று தோன்றும். ஆனால் கனமான பந்து முழு உருண்டை இல்லை. ஒரு பக்கம் சாய்வாகச் செதுக்கியிருப்பதால், நேராக விட்டாலும் வளைந்துதான் போகும். வேகம் குறையக் குறைய வளைவு கூடும். எண்பது வயதுப் பாட்டிகள் அசால்ட்டாக வளைத்து நிறுத்துகிறார்கள். தம்பி போட்டது பக்கத்து ஆட்டக்காரரின் காலடிக்குப் போகிறது. இருந்தாலும் இந்தியன் என்ற ஒரே காரணத்துக்காக அவனுக்கு அங்கே தனி மதிப்பு. 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி, இறுதியில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வீழ்த்தி இந்த ஆட்டத்தில் தங்கம் வாங்கியதை அந்தப் பாட்டிகள் மறக்கவேயில்லை. அணியில் ஒருவர் ஜார்க்கண்ட் போலீஸில் வேலை பார்த்த லவ்லி சௌபே. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்களுக்கு இப்படி ஓர் ஆட்டம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது என்ற உண்மையைத் தம்பி இதுவரை வெளியே விடவில்லை.

தம்பி சம்சாரத்தின் களம் வேறு. இங்கே ஹவுசி என்று ஓர் ஆட்டம் நடக்கிறது. அது வேறொன்றும் இல்லை, சேலத்தில் லேடீஸ் கிளப்புகளில் ஆடும் தம்போலாவேதான். நம்பர் கூப்பிடுபவர் 88க்கு “இரண்டு குண்டம்மா”, 11க்கு “கால்கள்” என்று சொல்லும் அடைமொழிகள்கூட அப்படியே. வெள்ளைக்காரன் நம்மிடம் விட்டுப்போனதை அறுபது வருடமாகப் பழகியவள் இங்கே வந்து அவர்களிடமே வசூலிக்கிறாள். பரிசு பெரும்பாலும் இறைச்சிக் கூடை. வீட்டில் சைவம் என்பதால் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட, பதிலுக்கு எலுமிச்சம்பழம் வருகிறது. ஊறுகாய் போட ஜாடி போதவில்லை.

அண்ணனுக்குப் பிடிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: ஷெட். ரம்பம், இழைப்புளி, டிரில்லிங் மெஷின் எல்லாம் அடுக்கிய ஒரு கொட்டகை, ஆண்களுக்கென்று. ஓய்வுபெற்ற ஆண்கள் பேச்சுத்துணை இல்லாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போவதைக் கண்டு, கையில் வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும் என்று 1990களில் இங்கே தொடங்கிய ஏற்பாடு இது. 2007இல் நாடு தழுவிய சங்கமே அமைந்துவிட்டது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷெட்டுகள் இருக்கின்றன. எதிரெதிரே உட்கார்ந்தால் ஆண்கள் பேச மாட்டார்கள், பக்கத்தில் நின்று ஒரு நாற்காலிக் காலைச் சரி பண்ணும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள் என்பது இவர்கள் கண்ட அனுபவம். ஸ்டீல் பிளான்ட்டிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு தெருவில் இருக்கும் மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றையும் பிரித்துப்போட்ட அண்ணனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அண்ணி அன்றைக்கு இப்படி ஒரு கொட்டகை கேட்டிருந்தால் ஹால் காலியாக இருந்திருக்கும்.

நவம்பர் முதல் செவ்வாய் வந்தால் சீட்டாட்டமும் ரத்து. அன்று மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம். 1861இலிருந்து நடக்கிறது, 3,200 மீட்டர், மூன்றரை நிமிடம்கூட எடுக்காது. அந்த மூன்றரை நிமிடத்துக்காகக் காலையிலிருந்தே பெண்கள் தலையில் இறகு, பழம், பூ, வலை என்று தொப்பி கட்டிக்கொண்டு பொது ஹாலில் ஊர்வலம் வருகிறார்கள். ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் சாமி வேஷங்கள் வரும் வண்டி வேடிக்கை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது சாதாரணம்தான். பத்துத் தலை ராவணன் ஒருவன் குறைவு. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு குதிரை கிடைக்கும். தம்பிக்கு வந்த குதிரை கடைசிக்கு முந்தியது. கடைசியாக வந்த குதிரைக்கு ஆறுதல் பரிசு இருந்ததால் இரண்டும்கெட்டான் ஆகிவிட்டது.

எல்லாமே வேடிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். ஏப்ரல் 25 விடியற்காலையில், இருட்டு விலகும் முன் கொடிக்கம்பத்தடியில் வீல்சேர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. 1915இல் கல்லிப்போலியில் இறங்கிச் செத்த சிப்பாய்களுக்கான ஆன்ஸாக் நாள். யாரும் பேச மாட்டார்கள். அந்தப் போரில் சுமார் 15 ஆயிரம் இந்தியர்களும் இருந்தார்கள். கோவேறு கழுதைகளில் தண்ணீரும் குண்டும் சுமந்து மலையேறி ஆஸ்திரேலியர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இந்தியக் கோவேறு கழுதைப் படையினர்தான். காயம்பட்டவர்களைக் கழுதையில் ஏற்றிக் காப்பாற்றியதாக இங்கே பள்ளிக் குழந்தைகள்கூடப் படிக்கும் சிம்சன், தங்கிச் சாப்பிட்டதே அந்த இந்தியர்களோடு. தம்பி இதை ஷெட்டில் சொல்லப்போக, அடுத்த மாதச் செய்தி மடலுக்கு எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். எழுதினான். மடலின் ஆசிரியர் அம்மாளுக்கு வயது 86, ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

சண்டை இல்லாத ஊர் உண்டா? வருடம் ஒருமுறை நிர்வாகம் வரவு செலவுத் திட்டத்தைக் குடியிருப்போர் முன்னால் வைத்துச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது சட்டம். அன்றைக்குப் பார்க்க வேண்டுமே. காது கேளாதவர்கள் என்று நினைத்தவர்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறியது மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. தோட்டக்காரருக்கு எத்தனை மணி நேரம், குளத்துக்குக் குளோரின் எவ்வளவு, கேட்டுக்கு மறுபடி ஏன் பெயின்ட் என்று ஒன்றரை மணி நேரம் அடி விழுந்தது. ஓய்வுபெற்ற ஆடிட்டர்கள் நாலு பேர் இருக்கும் ஊரில் மேனேஜர் வேலைக்கு வருவதற்கே தைரியம் வேண்டும்.

போன மாதத் தீபாவளிக்கும் பொது ஹால்தான். இந்த மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாமல் கம்பி மத்தாப்புக்கு மேல் எதையும் கொளுத்த முடியாது. சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் வாசலுக்கு வெளியேதான். உள்ளே புகை கண்டால் அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டியே வந்துவிடும், வந்ததற்கு ஆயிரம் டாலருக்கு மேல் பில்லும் வரும். ஆகவே வெடிச் சத்தம் இல்லாத தீபாவளி. தட்டுவடை செட்டு மட்டும் முழுச் சத்தத்தோடு நடந்தது. பீட்ரூட், கேரட், வெங்காயம் துருவி, சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி தடவி, மேலே ஒரு தட்டுவடையை மூடிக் கொடுத்தால் பல் செட் போட்டவர்களும் பின்வாங்கவில்லை. மே மாதம் புற்றுநோய்க் கழகத்துக்கு நிதி திரட்டும் காலைத் தேநீர் விருந்தில் கேக் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சேலம் மேஜை போட இப்போதே இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

தமிழ் பேச ஆள் இல்லை என்று அண்ணி கவலைப்பட வேண்டாம். 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் ஆஸ்திரேலியாவில் 95 ஆயிரத்துக்கும் மேல். மேஸ் ஹில் முருகன் கோயிலில் கிருத்திகையன்று நின்றால் யாழ்ப்பாணமும் கொங்கு நாடும் ஒரே பந்தியில் உட்காரும்.

தம்பிக்கு ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. ஆறுதல் சொல்லும் ஃபேர்லேண்ட்ஸ் மட்டும் என்னவாம்? இரண்டு மாடி, நாலு படுக்கையறை, மேலே எல்லாம் பூட்டு. கீழே இரண்டு பேர், ஒரு வாட்ச்மேன், ஒரு சிசிடிவி. பிள்ளைகள் டல்லாஸிலோ மெல்போர்னிலோ. நடந்துபோகும் தூரத்தில் இத்தனை டாக்டர்கள் இருக்கும் வில்லேஜ் ஆஸ்திரேலியாவில்கூடக் கிடையாது. அதுவும் ரிட்டயர்மென்ட் வில்லேஜ்தான். கமிட்டியும் மினி பஸ்ஸும் புதன்கிழமையும்தான் இல்லை. கோவைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள், மருதமலைப் பக்கம் நானா நானி என்று பெயர் வைத்துப் பொதுச் சமையலறையோடு கட்டிவிட்டார்கள். அமெரிக்காவிலோ 1960 புத்தாண்டன்று அரிசோனாவில் சன் சிட்டி திறந்தபோது முதல் வார இறுதியிலேயே லட்சம் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்களாம். ஃப்ளோரிடாவின் டவாரஸ் ஊரில் இந்தியர்களுக்கென்றே சாந்திநிகேதன் என்று சைவச் சாப்பாட்டோடு ஒன்று நடக்கிறது. சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் யாராவது ஆரம்பித்தால் அண்ணனே முதல் தலைவர்.

அண்ணனையும் அண்ணியையும் நிரந்தரமாக இங்கே அழைக்கலாமே என்று அண்ணன் மகள் கேட்டிருந்தாள். அவள் இங்கே குடியுரிமை வாங்கியவள், விண்ணப்பிக்கலாம். சாதாரணப் பெற்றோர் விசாவுக்கு வரிசை 30 வருடத்துக்கு மேல் என்று குடிவரவுத் துறையே சொல்கிறது. இன்று போட்டால் அண்ணனுக்கு நூறு வயதுக்கு மேல் கிடைக்கும். பணம் கட்டும் வகை கொஞ்சம் சீக்கிரம் நகரும். அதற்குத் தலைக்கு 45 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். விசிட்டர் விசாதான் நல்லது. பிப்ரவரியில் வந்தால் இங்கே கோடை வெயில் இருக்கும், ஏற்காடுக்குப் பதில் புளூ மவுன்டன்ஸ் இருக்கிறது. விருந்தாளி சில வாரம் தங்கலாம். அதற்கு மேல் என்றால் மேனேஜருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வரும்போது விதை, பால்கோவா, கறிவேப்பிலை எதுவும் வேண்டாம். ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். புதன்கிழமை போல்ஸுக்கு அண்ணனின் பெயர் கொடுத்தாகிவிட்டது. அங்கே வெள்ளை உடுப்புத்தான் வழக்கம். வெள்ளைப் பேண்ட் இருந்தால் எடுத்துவரவும். வெள்ளை வேட்டி செல்லுமா என்று கமிட்டிக்கு எழுதிக் கேட்டிருக்கிறது. ஒருவர் ஆதரவு, ஒருவர் காற்றடித்தால் என்ன ஆகும் என்று ஆட்சேபம். முடிவு டிசம்பர் கூட்டத்தில்.

இப்படிக்கு,
தம்பி