ஆல்வேஸ் சார்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் ஒரு லிஃப்ட், ஒரு தண்ணீர்த் தகராறு, ஒரு 'ஆல்வேஸ் சார்' இருந்தே தீரும். பணி ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா குடியிருக்கும். அலமாரியில் பிரவுன் அட்டை போட்ட ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கணப் புத்தகம். அந்த ரென்தான் 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலையும் எழுதினார் என்று சொல்லிப் பாருங்கள். தலைமையாசிரியரைத் தியேட்டர் டிக்கெட் வரிசையில் பார்த்துவிட்ட மாணவனைப்போல் விழிப்பார்.

அறிவிப்புப் பலகைதான் அவருடைய வேட்டைக்காடு. 'ரெசிடென்ட்ஸ் ஆல்வேஸ் ஷுட் க்ளோஸ் தி கேட்' என்று செயலாளர் ஒட்டிவிட்டுப் போனார். சார் ஆல்வேஸைச் சுற்றி வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, அதை 'ஷுட்'டுக்கும் 'க்ளோஸு'க்கும் நடுவில் உட்காரவைத்தார். அதற்குள் சாத்தாத கேட் வழியாக ஒரு மாடு வந்து குரோட்டன்ஸ் செடிகளைப் பாதி மேய்ந்துவிட்டது.

லிஃப்டில் சிக்கும் பள்ளிப் பிள்ளைகள் பாவம். "ஐ கோ ஆல்வேஸ் டு டியூஷன், அங்கிள்" என்று ஒரு பையன் வாய் தவறிச் சொன்னான். "மெயின் வெர்புக்கு முன்னாடி, பி வெர்புக்குப் பின்னாடி, சொல்லு!" நாலாவது மாடி வரும்வரை அவனுக்கு விடுதலை இல்லை.

யாராவது 'ஆஃப்டன்' என்று 'ட'வை அழுத்தினால் சாருக்குப் பல் கூசும். இரண்டு உச்சரிப்பும் சரியென்று கைபேசியில் அகராதியைக் காட்டினால், "அகராதிக்காரனும் கெட்டுப்போயிட்டானா!" என்பார்.

அன்று எதிர்வீட்டுக்காரர், "ஐ ஆம் ஆல்வேஸ் வாக்கிங் அட் சிக்ஸ், சார்" என்றார். விடுவாரா?

"தினப்படி வழக்கம்னா 'ஐ ஆல்வேஸ் வாக்'. ஆல்வேஸோட 'இங்' சேர்ந்தா பெரும்பாலும் அது புகார் சார், புகார்! 'ஹி இஸ் ஆல்வேஸ் பாரோயிங் மணி'ங்கிற மாதிரி."

காபியோடு வந்த மாமி டம்ளரை ணங்கென்று வைத்தார். "யூ ஆர் ஆல்வேஸ் கரெக்டிங் பீப்பிள்!"

சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "கேட்டீங்களா? 'ஆர்'க்குப் பின்னாடி ஆல்வேஸ், அப்புறம் 'இங்'. இந்த பிளாக்லயே பிழையில்லாம இங்கிலீஷ் பேசற ஒரே ஆள் எங்க வீட்டம்மாதான்!"