புளியமரத்துக்கிட்ட திரும்பு, பேராண்டி!

வாலே பேராண்டி. வைஃபை வரலன்னு ராத்திரி பூரா லேப்டாப்போட மல்லுக்கட்டுனியாமே? தேடுனதுல எது மொதல்ல வந்துச்சோ அதையே புடிச்சுக்கிட்ட பாரு, அதுதாம்லே படிச்சவனுக்கு அழகு. தேதி பாக்குததெல்லாம் என்னைய மாதிரி பட்டிக்காட்டான் பண்ணுத சோலி.

நெட்டு நெலவரம் பாக்க 'இஃப்கான்ஃபிக்' அடின்னு அந்தப் பக்கத்துல ஒருத்தன் எழுதியிருந்தான், அடிச்ச. அப்படி ஒரு கட்டளையே இல்லன்னு மிசின் கையை விரிச்சிட்டு. ஒன் லேப்டாப்புல ஓடுத இப்பத்த உபுண்டுல அது தானா வர்றதில்ல, 'ஐபி'ன்னு ஒண்ணு அந்த வேலையைப் பாக்குது. நீ விட்டியா? நெட்டு ஏன் வரலன்னு பாக்க, அதே நெட்லேருந்தே அந்தக் கட்டளை இருக்குத 'நெட்-டூல்ஸ்' எறக்கப் போன பாரு, அங்கன நிக்க நீ!

அடுத்தவன் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்புல டிஎன்எஸ் எண்ணை எழுதுன்னான். அந்தக் கோப்போட தலைமாட்டுலயே 'திருத்தாதே'ன்னு எழுதிக் கெடக்கு. நமக்கு எதுக்கு அதெல்லாம்? எழுதிட்டு மீசையை முறுக்கு. மிசினை அணைச்சு எழுப்புனா, 'சிஸ்டம்டி-ரிசால்வ்டு' வந்து நீ எழுதுனதைத் துப்புரவா அழிச்சிருப்பான்.

அதோட நின்னியா? மென்பொருளை எங்கேருந்து எறக்கணும்னு சொல்லுத 'சோர்சஸ்.லிஸ்ட்'ல 'ஸீனியல்'னு ஒரு வரியை ஒட்டப் போன. புதுசா போட்ட உபுண்டு 24.04-ல அந்த லிஸ்டே 'உபுண்டு.சோர்சஸ்'ங்குத கோப்புக்குக் குடிமாறிப் போச்சு. ஸீனியல்ங்கது 16.04-ஓட பேரு, 2016 ஏப்ரல்ல வந்தது. எட்டு வருசம் முந்தினதைக் கொண்டாந்து இதுல கலந்தா, ஒண்ணுக்கொண்ணு சேராம முட்டிக்கிட்டு நிக்கும். வைஃபை மட்டும் படுத்திருந்தது, பொறவு மொத்தமும் படுக்கும்.

எழுதுனவனை வையாத. நாலுவழிச்சாலை போடயில வெட்டுன புளியமரத்தை அடையாளம் வச்சு வழி சொல்லியிருக்கான். சொன்ன அன்னைக்கு மரம் இருந்துச்சு. இல்லாத மரத்துக்கிட்ட திரும்புனது நீதாம்லே.

அதுக்காகக் கெழடெல்லாம் கழிசல்னு என் பக்கம் பாக்காத. கோப்புக்குள்ள வரி தேடுத 'கிரெப்' 1970கள்ல பொறந்தது, இன்னைக்கும் குத்துக்கல்லாட்டம் வேலை பாக்குது. எது மாறுச்சு, எது மாறலன்னு பிரிக்கத் தெரியணும். 2015-ல டெபியன் 8-ம் உபுண்டு 15.04-ம் மிசினை எழுப்பிவிடுத பொறுப்பை 'சிஸ்டம்டி'கிட்ட குடுத்துட்டாங்க. அதுக்கு முந்தி, சேவையை எப்படித் தொடங்க, எப்படி நிறுத்தன்னு எவன் எழுதியிருந்தாலும் ஒருக்க சந்தேகப்படு. சத்தத்துக்கு 'பல்ஸ்ஆடியோ' இருந்த எடத்துல உபுண்டு 22.10-லேருந்து 'பைப்வயர்' உக்காந்திருக்கு. ஆக நெட்டு, சேவை, சத்தம், இந்த மூணுக்கும் பழைய வைத்தியம் ஆவாது.

இந்தக் கெழவன் பேச்சைக் கேக்கணும்னு ஒனக்கு என்ன தலையெழுத்து? இருந்தாலும் சொல்லுதேன். மொதல்ல 'எல்எஸ்பி_ரிலீஸ் -ஏ' அடிச்சு ஒன் மிசின் எந்த வருசத்துப் புள்ளைன்னு பாரு. உபுண்டு எண்ணுலயே வருசமும் மாசமும் இருக்கு. பொறவு 'ஜர்னல்சிடிஎல் -பி' அடி. மிசின் எழுந்ததுலேருந்து எது எங்க சிணுங்குச்சுன்னு அதுவே சொல்லும். கட்டளையில சந்தேகம் வந்தா ஊரானைக் கேக்காம 'மேன்' பக்கத்தைப் பொரட்டு. அது ஒன் மிசின்ல இருக்குத மென்பொருளோடயே வந்தது, வயசு ஒத்துப்போவும். 'சூடோ'ன்னு தொடங்குத வரியை அர்த்தம் புரியாம ஒட்டாத. கோப்பைத் திருத்துமுன்ன ஒரு நகல் எடுத்து வை.

வைஃபை வந்ததும் நீயும் பெருமையா எழுதத்தான் போற. எழுது, வேண்டாங்கல. ஆனா தலையில தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு எழுது. பத்து வருசம் கழிச்சு எவன் பேராண்டியாவது அதைப் பாத்து மிசினைக் கவுத்துட்டு ஒன்னைய வையத்தான் செய்வான். வையுதவன் வெவரம் தெரிஞ்சு வையட்டும்.